மணல் ஏற்றிய இரண்டு கதவுக் கார்

என் மகளுக்கு இடது புருவத்தின் மேல் ஒரு தழும்பு உண்டு. இந்த ஆண்டு அவளைப் பள்ளியில் சேர்த்தபோது அங்க அடையாளமாக அதைத்தான் சொன்னேன். அடி எப்படிப் பட்டது என்று தலைமையாசிரியை கேட்டார். கார் விபத்து என்று மட்டும் சொன்னேன். முழுவதும் சொல்லியிருந்தால் எங்களை எந்த மாதிரிக் குடும்பம் என்று நினைத்திருப்பாரோ தெரியாது. அரைகுறையாகச் சொன்னதற்கு என்ன நினைத்தாரோ, அதுவும் தெரியாது.

என் கணவர் வீட்டில் பட்டுத்தான் தொழில். பிள்ளையார்பாளையத்து வீட்டுக்குள்ளேயே தறிகள் ஓடும். நெசவையும் ஆட்களையும் கணவரின் அண்ணன், எனக்கு மூத்தார், பார்த்துக்கொள்வார். என் கணவர் புடவைகளைச் சென்னைக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். அப்படிப் போன இடத்தில் ஒரு கடைக்காரரின் மகன் அவரைக் கார்ப் பந்தயம் பார்க்க அழைத்துப் போயிருக்கிறான். சென்னைக்கு வடக்கே, போர்க்காலத்தில் போட்ட விமான ஓடுதளத்தில் நடக்கும் பந்தயம். அன்று வீடு திரும்பியவர் சாப்பிடவில்லை. ஒன்றரை வயது மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கூடத்தில் வளைந்து வளைந்து நடந்தார். வாயால் இன்ஜின் சத்தம் வேறு.

"சாதாரண வண்டிக்கும் ஒரு பந்தயம் வெக்கிறாங்கம்மா," என்றார் என்னிடம். "நம்பர் பிளேட்டு இருக்கணும், வரி கட்டியிருக்கணும், ரோட்டுல ஓட்ற வண்டியாவே இருக்கணும். அதுல நான்கூட ஓட்டலாம்."

பணக்காரர்கள் லாரியில் ஏற்றிக் கொண்டுவரும் பந்தயக் கார் எங்களுக்குக் கனவில்கூடக் கிடையாது. வாரம் முழுதும் புடவை மூட்டையையும் எங்களையும் சுமக்கிற காரிலேயே பந்தயத்துக்குப் போய், அதிலேயே வீடு திரும்ப வேண்டும் என்பது அவர் திட்டம். தொழிலுக்கு ஒரு பழைய கார் வாங்க மூத்தார் ஏற்கெனவே சம்மதித்திருந்தார். பந்தய விஷயம் அவருக்குத் தெரியாது.

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அழுதும் பார்த்தேன். பந்தயத்தில் ஒரு கார் கவிழ்ந்து, ஓட்டியவனின் கை கதவுக்கும் தரைக்கும் நடுவில் நசுங்கியதை அவரே எனக்குச் சொல்லியிருந்தார். சொல்லும்போது கண்ணில் பயம் இல்லை, பசிதான் இருந்தது. போகாமல் இவரைத் தடுக்க என்னால் ஆகாது என்று அப்போதே தெரிந்துவிட்டது. அதன் பிறகு எனக்கு இருந்தது ஒரே கேள்வி. எந்தக் காரை வாங்கினால் இவர் உயிரோடு திரும்பி வருவார்?

எங்கள் கைக்கு எட்டுகிற விலையில் மூன்று பழைய கார்கள் இருந்தன. ஒன்று பெரியது. ஒன்று இரண்டே கதவு கொண்டது, இலேசானது. மற்றொன்று நான்கு கதவு வைத்த சின்னக் கார்.

பெரிய காரை வாசலுக்கே கொண்டுவந்து காட்டினார்கள். புடவையைக் கையில் ஏந்தியதும் கனத்தை வைத்தே தரம் சொல்கிறவர் மூத்தார். காரையும் அப்படித்தான் பார்த்தார். கதவின் தகட்டை முந்தானையைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் பிடித்தார். பின்னால் போய் பம்பரைப் பிடித்துத் தூக்கினார். அசையவில்லை.

"கனம் இருக்குது. இதையே முடிச்சிடு."

"கனமா இருந்தா பிரேக்குக்கு நிக்காதுண்ணே. இழுத்துக்கினு போவும்."

"நீ எங்கடா அவ்ளோ வேகமா போவப்போற?"

என் கணவர் குனிந்து டயரைப் பார்க்க ஆரம்பித்தார். நான் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். எங்கள் வீட்டில் தம்பி மனைவி மூத்தார் முன்னால் வந்து நிற்கக் கூடாது. அவள் இருக்கும் இடத்துக்கு அவரும் வரமாட்டார். நேருக்கு நேர் பேச்சும் கிடையாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இடுப்பில் இருக்கும் குழந்தையிடம் சொல்வதுபோலச் சொல்வேன், அவர் காதில் விழும். கனமான கார் இடித்தாலும் தாங்கும் என்று எனக்கும் தோன்றியது. அதை அன்று இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னேன்.

மறுநாள் அந்தப் பெரிய காரை அவர் ஓட்டிப் பார்த்தார். தேரடியில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்திருக்கிறது. இவர் பிரேக்கை மிதிக்க, கார் நிற்காமல் இழுத்துக்கொண்டு போய் டீக்கடைப் பெஞ்சை உடைத்து, பாய்லரைச் சாய்த்துவிட்டது. கொதிநீர் கடைக்காரரின் பாதத்தில் கொட்டியது. அவர் ஒற்றைக் காலில் நொண்டி வந்து, இவர் சட்டையைப் பிடித்துக் கன்னத்தில் மாறி மாறி அறைந்தாராம். "ஆனைய ஓட்டிக்கினு வந்தியே, அங்குசம் எங்கடா?" என்று கேட்டு மறுபடி அறைந்தாராம். விரல் பதிந்த கன்னத்தோடு வீட்டுக்கு வந்தவர், "பாத்தியா, நிக்கலை," என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். வெந்துபோன காலைப் பற்றி அவர் பேசவில்லை. பர்னால் களிம்பு வாங்கிக் கொடுத்துவிட்டு வரும்படி நான்தான் அவரைத் திருப்பி அனுப்பினேன்.

அடுத்தது இரண்டு கதவுக் கார். பஸ் நிலையத்தின் அருகே இருந்த ஒரு டாக்டருடையது. இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள் என்று நம்பிக் கொடுத்திருந்தார். விலையும் குறைவு, சின்னச் சந்தில்கூட ஒரே மூச்சில் திரும்பும். என் கணவர் அதன் மேல் உயிரையே வைத்துவிட்டார். மூத்தார் வந்து பம்பரைப் பிடித்து ஆட்டியதும் கார் தூளிபோல ஆடியது.

"இன்னாடா இது, நைலக்ஸ் பொடவையாட்டம்! காத்தடிச்சா மடிச்சு வெச்சிக்கலாம் போல இருக்குது. இத வாங்கின, நீயும் இதுலயே குடித்தனம் பண்ணிக்க."

பட்டுத் தொழிலில் ஓர் ஏமாற்று வேலை உண்டு. மட்டமான பட்டுக்குக் கஞ்சி ஏற்றிக் கனம் கூட்டி, நல்ல பட்டு என்று விற்பார்கள். அப்படிச் செய்தவர்கள் எங்கள் வாசலுக்கு வந்தால் மூத்தார் தெருவே கேட்கும்படி திட்டி அனுப்புவார். அதே வேலையை என் கணவர் காருக்குச் செய்தார். வேகவதி ஆற்று மணலை மூட்டை மூட்டையாகக் கட்டி, டிக்கியில் திணித்து, மேலே ஒரு பழைய ஜமுக்காளத்தைப் போட்டு மூடினார். அண்ணன் மறுபடி ஆட்டிப் பார்த்தால் அசையக் கூடாது, ஸ்பிரிங் மாற்றிவிட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்கு.

"பின்னாடி இவ்ளோ பாரம் வெச்சா வண்டி இழுத்துக்கினு போவாதாங்க?" என்றேன்.

"கனம்தான் நல்லதுன்னு நீயே சொன்னியேம்மா."

சொன்னேன்தான்.

மூத்தார் வந்தார். பம்பரை ஆட்டினார். கார் அசையவில்லை. திருப்தி இல்லாமல் ஒருமுறை சுற்றி வந்தார்.

"செரி, ஒரு ரவுண்டு ஓட்டிக் காமி. கொழந்தையையும் அதும் அம்மாவையும் ஏத்திக்கினு போ. அப்பத்தான் நீ மெதுவா போவ."

எங்கள் பாதுகாப்புக்காக அல்ல, தம்பியின் பாதுகாப்புக்காக எங்களை ஏற்றிவிட்டார். நானும் அதே எண்ணத்தில்தான் மகளை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்தேன்.

முசரவாக்கம் போகும் சாலை. ஊர் தாண்டும்வரை ஒழுங்காகத்தான் ஓட்டினார். ஏரிக்கரையை ஒட்டிச் சாலை இடது பக்கம் வளைகிற இடம் தெரிந்ததும் அவர் உட்கார்ந்த விதமே மாறிவிட்டது.

"இந்த ஒரு வளைவு மட்டும் பாரு," என்றார்.

"கொழந்த இருக்குதுங்க."

கார் வளைவில் புகுந்தது. முதலில் பின்பக்கம் மட்டும் தனியாகக் கிளம்பியது. மணல் மூட்டைகள் டிக்கியில் ஒரு பக்கமாகச் சரிந்து முட்டிய சத்தம் என் முதுகில் கேட்டது. பின்சக்கரம் அடியில் மடிந்து, கார் ஒரு பக்கமாக எழும்பியது. ஏரித் தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் வானம் இருந்தது. கவிழ்ந்துவிட்டோம் என்று நினைத்தேன். கவிழாமல் தொப்பென்று விழுந்தது. என் கையிலிருந்த மகளின் நெற்றி முன்பலகையின் விளிம்பில் மோதியது. அவள் அழவில்லை. அதுதான் பயங்கரம். கார் பக்கவாட்டிலேயே சறுக்கிக்கொண்டு போய், எதிரே நெல் மூட்டை ஏற்றி வந்த மாட்டுவண்டியில் மோதி நின்றது.

இடதுபுறத்து மாடு விழுந்து கிடந்தது. முன்னங்கால் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. மாடு எழுந்திருக்கப் பார்க்கிறது, அந்தக் காலையே ஊன்றுகிறது, மறுபடி விழுகிறது. அது போட்ட சத்தத்தில்தான் என் மகள் மூச்சை இழுத்து அழ ஆரம்பித்தாள். அவள் முகம் முழுதும் இரத்தம். கண் போய்விட்டது என்றே நினைத்தேன்.

வயலில் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள். என் கணவரை ஜன்னல் வழியாகவே தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். கதவு திறந்ததும் கீழே தள்ளி மிதித்தார்கள். வண்டிக்காரர் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டே, "நல்லா ஒதைங்கடா, எனுக்கும் சேத்து ஒதைங்க," என்றார். ஒருவன் மாடு ஓட்டும் தார்க்குச்சியால் முதுகில் இழுத்தான். சட்டை கிழிந்து கோடு கோடாக இரத்தம் எழும்பியது.

"பொண்டாட்டி புள்ளைய வெச்சிக்கினு இன்னா வேகம்டா ஒனுக்கு?"

மோதியதில் டிக்கி திறந்து, மூட்டைகள் பிய்ந்து, சாலையில் மணல் கொட்டிக் கிடந்தது.

"மணல் திருட்றியா? காருலயா? இன்னா தொர, மாட்டுவண்டி கெடைக்கலியா?"

"கனத்துக்கு வெச்சேன்," என்றார் தரையில் கிடந்தபடி. அதைக் கேட்டு அவர்களுக்கு இன்னும் கோபம் வந்தது. கிண்டல் செய்கிறான் என்று நினைத்து வாயிலேயே உதைத்தான் ஒருவன். பல் ஒன்று மணலில் விழுந்தது.

நடவிலிருந்து வந்த ஒரு பெண் என் மகளைப் பிடுங்கி, தன் முந்தானையைக் கிழித்து நெற்றியில் அழுத்தினாள். "கண்ணு நல்லா இருக்குதும்மா, புருவம்தான் பொளந்திருக்குது, கத்தாத," என்றாள். நான் கத்திக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அடித்துக் கை ஓய்ந்த பிறகு வண்டிக்காரர் எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நெல்லு மில்லுக்குப் போவணும். என் மாட்ட ஒடச்சவன் மாடா வரட்டும்," என்றார். எல்லாரும் சேர்ந்து என் கணவரைத் தூக்கி நிறுத்தி, நுகத்தடியில் ஒருபுறம் மாடும் மறுபுறம் அவருமாகப் பூட்டினார்கள். பூட்டாங்கயிறை அவர் கழுத்தில் போட்டவன் சிரிக்கவில்லை. வண்டி நகர்ந்தது. மாடு இழுக்கும் வேகத்துக்கு இவரால் கால் வைக்க முடியவில்லை. இரண்டு முறை முட்டி போட்டு விழுந்தார். விழுந்த இரண்டு முறையும் அடித்தார்கள். மில்வரைக்கும் அவர் இழுத்தார். குழந்தையோடு நான் பின்னால் நடந்தேன். நடக்காமல் வேறு என்ன செய்திருக்கலாம் என்று இப்போதும் யோசிக்கிறேன், ஒன்றும் தோன்றவில்லை.

வாட்சையும் மோதிரத்தையும் கொடுத்து, மாட்டுக்கு ஈடு தருவதாகச் சத்தியம் செய்த பின் எங்களை விட்டார்கள். கார் கிடந்த இடத்துக்குத் திரும்பி வந்து, நசுங்கிய தகட்டை அவர்களே வளைத்துச் சக்கரத்தை விடுவித்தார்கள். கார் ஓடியது. ஆஸ்பத்திரியில் மகளுக்குத் தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

வாசலில் தெருவே கூடியிருந்தது. மூத்தார் முதலில் குழந்தையின் கட்டைப் பார்த்தார். உள்ளே போய், தெருவில் பாவு நூல் விரிக்கும் மூங்கில் கழியை எடுத்து வந்தார். ஏற்கெனவே கிழிந்திருந்த முதுகில் அடித்தார். கழி பிளந்தது. பிளந்த கழியாலேயே மறுபடி அடித்தார். என் கணவர் தடுக்கவில்லை. அடி நின்றிருக்கும். அதற்குள் டிக்கியின் மூலையில் மிச்சம் இருந்த மணல் மூத்தாரின் கண்ணில் பட்டுவிட்டது. ஒரு கை அள்ளிப் பார்த்தார்.

"எங்கிட்டயேவாடா? கஞ்சி ஏத்தின பட்ட எங்கிட்டயே விக்கிறியா?"

கழியைப் போட்டுவிட்டுக் கடப்பாரையோடு வந்தார். முன் கண்ணாடி ஒரே அடியில் நொறுங்கியது. டாக்டரின் கார் அது. இரண்டாவது அடிக்கு ஓங்கியபோது என் கணவர் அண்ணனின் இடுப்பைக் கட்டிப்பிடித்துத் தரையில் சாய்த்தார். அண்ணன் மேல் அவர் கை வைத்தது அதுதான் முதல் தடவை. இருவரும் கண்ணாடிச் சில்லுகள் மேல் புரண்டார்கள். அண்ணன் தம்பியின் தொண்டையைப் பிடித்தார். தம்பி அண்ணனின் காதைக் கடித்தார். தறியிலிருந்து எழுந்து வந்தவர்கள் விலக்கப் போய் அடிபட்டுத் திரும்பினார்கள். மூத்தார் திமிறி எழுந்து கடப்பாரையை மறுபடி எடுத்தார். இந்த முறை அவர் பார்வை காரின் மேல் இல்லை.

நான் போய்க் காருக்குள் உட்கார்ந்தேன். யோசித்துச் செய்ததல்ல. குழந்தையோடு, கண்ணாடிச் சில்லுகளைக் கையால் தள்ளிவிட்டு, முன் இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். என் கணவர் என் பக்கத்துக் கதவில் சாய்ந்து கிடந்தார். அவரை அடிக்க வேண்டுமென்றால் மூத்தார் என் அருகில் வந்தாக வேண்டும். தம்பி மனைவி இருக்கும் இடத்துக்கு அவர் வரமாட்டார். எட்டடி தள்ளி நின்றுவிட்டார். காதிலிருந்து இரத்தம் தோளில் சொட்டியது.

மகளைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். "பெரியப்பாகிட்ட சொல்லும்மா. அப்பா பந்தயத்துல ஓட்றதுக்குத்தான் வண்டி பாக்குறாருன்னு சொல்லு."

மூத்தாரும் குழந்தையைப் பார்த்தே கேட்டார். "பந்தயமா? உங்கப்பனுக்குத்தான் பைத்தியம், உன்ன பெத்தவ சொல்ல மாட்டாளான்னு கேளு கண்ணு."

"சொல்லியாச்சு, அழுதாச்சு, கேக்கலைன்னு சொல்லும்மா."

"கால ஒடச்சி ஊட்ல போட்டா?"

"நொண்டிக்கினாவது போவாருன்னு சொல்லும்மா."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். மூத்தார் திரும்பி முறைத்தார். கடப்பாரையைச் சாக்கடை ஓரம் எறிந்தார். "அப்ப எந்த வண்டின்னு உங்கம்மாவே சொல்லட்டும். அவ ஒக்காந்து பாத்து செரின்னு சொல்ற வண்டிதான் இந்த ஊட்டுக்கு வரும். சாவறதுன்னா அவளுக்குத் தெரிஞ்சி சாவட்டும்."

உடைத்த காரை டாக்டரிடம் திருப்பிக் கொடுக்க முடியாது. விலை கொடுத்து அதை நாங்களே எடுத்துக்கொண்டோம். அதில் மறுபடி ஏற மாட்டேன் என்று நான் சொன்னதால், பழைய இரும்புக்காரரிடம் தள்ளினோம். பிறகு மிஞ்சியது சின்ன நான்கு கதவுக் கார் ஒன்றுதான். ஆனாலும் நான் உட்கார்ந்து பார்க்காமல் சரி என்று சொல்வதாக இல்லை. முதுகு ஆறியதும் அதே ஏரிக்கரை வளைவுக்குப் போனோம். மகளை ஓரகத்தியிடம், மூத்தாரின் மனைவியிடம், விட்டிருந்தேன்.

"டிக்கிய தெறங்க," என்றேன். காலியாக இருந்தது.

"மெதுவா போவட்டுமா?" என்றார்.

"பந்தயத்துல எப்டி போவீங்களோ அப்டி."

முதல் சுற்றில் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாவதில் திறந்து வைத்தேன். தோள் கதவில் இடித்துக் கன்றிப்போனது, மோவாய் முட்டியில் மோதி நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் பின்பக்கம் முன்பக்கத்தோடேயே வந்தது. சக்கரம் மடியவில்லை. வானம் வானத்தில்தான் இருந்தது. இறங்கி வாந்தி எடுத்துவிட்டு, இன்னும் வேகமாக ஒருமுறை போகச் சொன்னேன். அந்தச் சுற்றில் வயலில் இருந்தவர்கள் எங்களை அடையாளம் கண்டுகொண்டார்கள். பின் கண்ணாடி கல்லடியில் தெறித்தது. அடுத்த கல் கூரையில். இவர் நேராக ஊரைப் பார்த்து ஓட்டினார்.

"இது செரி," என்றேன், வாயில் இரத்தத்தோடு. சரிதானா என்று அடுத்த நிமிடமே சந்தேகம் வந்தது. சொன்ன பிறகு மாற்றவில்லை.

பந்தய நாளன்று நான் போகவில்லை. மூத்தார் காலையிலிருந்து தறியில் உட்கார்ந்திருந்தார், இழை இழையாக அறுந்தது, நெய்யவில்லை. மாலையில் தெருமுனையில் கார்ச் சத்தம் கேட்டது. முன்விளக்கு ஒன்று இல்லை. முன் கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார். வளைவில் ஒருவன் முட்டியிருக்கிறான், காரை நிறுத்தி இறங்கி இருவரும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசிக்கு முந்தைய இடமாம். இவர் சட்டையில் பொத்தான் ஒன்றுகூட மிச்சமில்லை. கதவு திறக்காததால் ஜன்னல் வழியாக வெளியே வந்து, தன் காலில் நின்றார்.

மூத்தார் உள்ளிருந்தபடியே கேட்டார். "கை கால் எல்லாம் இருக்குதா?"

"இருக்குதுண்ணே."

"அப்ப காலையில சென்னைக்கு சரக்கு எடுத்துக்கினு போ. கயிற நல்லா கட்டு, பொடவ ரோட்ல வுழப்போவுது."

என் கணவர் சிரித்தார். பல் போன இடம் தெரிந்தது. நான் வெந்நீர் போட உள்ளே போனேன். அடுப்பை மூட்ட முடியவில்லை. தீக்குச்சி நான்கைந்து உடைந்தது. ஓரகத்தி வந்து பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.